பத்து கிராமமும் ஒரு மீனும்

காஷ்மீர் டூர் போய்வந்த நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பஹல்காமில் லிட்டர் நதிக்கரையில் 'ட்ரௌட்' மீன் வறுவல் சாப்பிட்டதைச் சப்புக்கொட்டிச் சொல்வார். "காஷ்மீர் ஸ்பெஷல் சார்!" என்பார். ஸ்பெஷல்தான். ஆனால் காஷ்மீர் மீன் இல்லை. பிரிட்டனிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்த மீன் அது!

எதற்காக வந்தது? துரைமாரின் லீவுக்காக.

1846-ல் காஷ்மீரை 75 லட்சம் ரூபாய்க்கு ஜம்மு ராஜா குலாப் சிங்கிடம் கைமாற்றிவிட்டது ஆங்கிலேய கம்பெனி. அதற்குப் பிறகு, பஞ்சாபின் மே மாத வெயிலில் வெந்துபோன வெள்ளைக்காரர்கள், 'அடடா, இப்படிப்பட்ட இடத்தையா விற்றுத் தொலைத்தோம்!' என்று பெருமூச்சு விட்டபடி அங்கேயே கோடையைக் கழிக்க வந்தார்கள். வெளியார் நிலம் வாங்க மகாராஜா அனுமதிக்கவில்லை. அதனாலென்ன, படகிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். 1890-ல் ஜீலம் பள்ளத்தாக்கு வழியாக வண்டிப்பாதை திறந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகமானது.

வந்தவர்களுக்கு ஒரே ஒரு குறை. பனி உருகி ஓடும் அற்புதமான ஓடைகள் இருக்கின்றன; ட்ரௌட் இல்லை!

இந்தக் குறையைப் புரிந்துகொள்ள நீங்கள் கொஞ்சம் ஆங்கிலேயராக மாற வேண்டும். நமக்கு மீன் பிடிப்பது குழம்புக்காக. அவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு பூஜை. இறகையும் நூலையும் முடிந்து பொய்ப்பூச்சி செய்து, அது நிஜ ஈ வந்து உட்கார்வதுபோல் தண்ணீர்மேல் விழும்படி தூண்டிலை வீச வேண்டும். அதை நம்பிப் பாய வேண்டும் மீன். இந்த ஆட்டத்துக்கு ட்ரௌட்டை மிஞ்ச ஆளில்லை என்பது அவர்கள் கட்சி. நம் மாநிலக்காரர்போல ஒருவர்கூட இதில் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றியே 1873-ல் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார்.

குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் ட்ரௌட் செத்துவிடும். உயிரோடு கொண்டுவருவது நடக்காத காரியம். வழி என்ன? முட்டை! உள்ளே குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிற பருவத்தில், ஈரப் பாசியில் பொதிந்து ஐஸ் வைத்து அனுப்பலாம். 1864-ல் இப்படித்தான் டாஸ்மேனியா வரை கொண்டுபோயிருந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டே டாக்டர் பிரான்சிஸ் டே நம் நீலகிரியில் ட்ரௌட் வளர்க்க முயன்று தோற்றிருந்தார். (அவலாஞ்சியில் அது பலித்தது 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், வில்சன் என்பவர் முயற்சியில்.)

1899-ல் பெட்ஃபோர்டு பிரபு, மகாராஜா பிரதாப் சிங்குக்குப் பத்தாயிரம் முட்டைகளைப் பரிசாக அனுப்பினார். வழியிலேயே உஷ்ணத்தில் அத்தனையும் காலி! அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டாவது பார்சல். இந்த முறை பிழைத்தன. அவற்றைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர் யார் தெரியுமோ? மீன்வள நிபுணர் அல்ல. ஃபிராங்க் மிட்செல் என்கிற கார்பெட் ஃபாக்டரி முதலாளி! ஒரு பகுதிக் குஞ்சுகளை அவர் ஃபாக்டரியிலேயே வைத்து வளர்த்தார். இன்னொரு பகுதி தாச்சிகாம் ஓடைக்குப் போனது. சில ஆண்டுகளில் லிட்டர், சிந்து (பெரிய சிந்து இல்லை, காஷ்மீரின் சின்ன சிந்து), பிரிங்கி என்று பல நதிகளில் ட்ரௌட் துள்ள ஆரம்பித்தது. குலுப் பள்ளத்தாக்குக்கு 1909-ல் இங்கிருந்துதான் போனது.

பிறகென்ன? நதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'பீட்' என்று பெயர் வைத்தார்கள். பர்மிட் வாங்கியவருக்கே தூண்டில். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் இருந்தவன் கை நனைத்தால்? திருட்டு!

துரைக்குக் கூடாரம், கட்டில், சமையல் சாமான் எல்லாம் மலையேற வேண்டுமே... அவையும் ஏறின, கிராமத்தானின் முதுகில். 'பேகார்' என்ற கட்டாய உழைப்பு ஏற்கெனவே அந்த ஜனங்களை வாட்டிக்கொண்டிருந்த காலம். கில்கித் பாதையில் சுமை தூக்க ஆள் பிடிக்கிறார்கள் என்றால் கிராமமே நடுங்கும். நில அளவைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி வால்டர் லாரன்ஸே தன் 1895-ம் வருடப் புத்தகத்தில் இந்தக் கொடுமையைப் பதிவு செய்திருக்கிறார்.

தாச்சிகாம் என்றேனே... பேருக்கு அர்த்தம் 'பத்து கிராமம்'. இப்போது அங்கே ஒரு கிராமமும் கிடையாது! மகாராஜாவின் வேட்டைக்காகவும், ஸ்ரீநகரின் குடிநீருக்காகவும் 1910-ஐ ஒட்டி அந்தப் பத்து ஊர் ஜனங்களையும் கிளப்பிவிட்டார்கள். ஊர் பேர் மட்டும் மிஞ்சியது. மீனுக்குத் தங்க இடம் கிடைத்த ஓடைக்கரையில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஓடைகளில் முன்பே குடியிருந்த சொந்த மீன்களின் கதை என்ன? காஷ்மீரியில் மீனுக்கு 'காட்' என்று பெயர். மார்கழிக் குளிரில் பண்டிட் குடும்பங்கள் சோறும் மீனும் சமைத்து, வீட்டுத் தெய்வத்துக்குப் படைத்து, இரவு மாடியில் வைத்துவிடுவார்கள். 'காட் பத்தா' என்பது அந்தச் சடங்கு. ட்ரௌட்டோ சின்ன மீன்களைத் தின்று வளரும் ஜாதி. தானாகவே குஞ்சு பொரித்துப் பெருகவும் பெருகிவிட்டது. மேட்டு ஓடைகளில் உள்ளூர் மீனுக்கு அது பங்காளி ஆனது, பாகம் கேட்காமலேயே!

1947-க்குப் பிறகு துரைகள் போனாலும் பர்மிட் போகவில்லை. வெளிநாட்டார் தூண்டிலோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1989-க்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம். பீட்டுகள் வெறிச்சோடின. அந்த வருடங்களில் பண்டிட்டுகள் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டே வெளியேற நேர்ந்தது. ஜம்முவிலும் டெல்லியிலும் பல வீடுகளில் இப்போதும் 'காட் பத்தா' உண்டு. மீன் மட்டும், பக்கத்து மார்க்கெட்டில் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அது.