ரசனையின் கைரேகை

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டியொன்றை அறிவித்தது. அன்று அது அமெரிக்காவில் திரைப்பட டிவிடிகளை அஞ்சல்வழி வாடகைக்கு அனுப்பிவந்த நிறுவனம். ஒரு சந்தாதாரர் ஒரு படத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் இடுவார் என்பதை அதன் பரிந்துரை நிரல் முன்கூட்டியே ஊகிக்கும். அந்த ஊகத்தின் பிழையைப் பத்து சதவீதம் குறைப்பவருக்குப் பரிசு. 4,80,189 பேர் 17,770 படங்களுக்கு இட்டிருந்த பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள், பெயர்கள் நீக்கப்பட்டு, போட்டியாளர்களுக்குத் தரப்பட்டன.

இவ்வகை நிரல்களுக்குப் பின்னே இருப்பது எளிய நம்பிக்கை. நேற்றுவரை என்னோடு ஒத்துப்போனவர்கள் நாளையும் ஒத்துப்போவார்கள். 1994இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் உருவாக்கிய 'குரூப்லென்ஸ்' இதன் முன்னோடிகளுள் ஒன்று. நிரல் படத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களின் மதிப்பெண்களை மட்டுமே பார்க்கிறது.

பெரும்பாலான படங்களுக்கு இது போதுமானதாகவே இருந்தது. போட்டியாளர்களைத் திணறடித்தது 2004இல் வெளிவந்த 'நெப்போலியன் டைனமைட்' என்ற, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படம். அதைக் கொண்டாடியவர்கள் ஐந்து இட்டார்கள், வெறுத்தவர்கள் ஒன்று. மற்ற படங்களில் ஒரே ரசனை கொண்டவர்கள்கூட இதில் பிரிந்துபோனார்கள். நடுவில் மூன்று என்று ஊகித்தால் அது இரு தரப்புக்கும் பொருந்தாது. ரசனை என்று நாம் சொல்வது இத்தகைய இடங்களில்தானே வெளிப்படுகிறது? (என் நெருங்கிய நண்பரோடு நான் உடன்பட்ட நூறு நூல்களைவிட, முரண்பட்ட மூன்று நூல்களே அவரை எனக்குக் காட்டின என்பேன்.)

2009 செப்டம்பரில் 'பெல்கோர்ஸ் பிரக்மாட்டிக் கேயாஸ்' என்ற குழுவுக்குப் பரிசு கிடைத்தது. அதே அளவை எட்டிய இன்னொரு குழு இருபது நிமிடம் பிந்தியதால் இழந்தது. வென்ற நிரலை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை; கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகாது என்று 2012இல் விளக்கியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், பெயர் நீக்கிய அத்தரவிலிருந்தே ஆட்களை அடையாளம் காணமுடியும் என்று 2008இல் வெளியான ஆய்வில் நிறுவினர். ஒருவர் எட்டுப் படங்களுக்கு இட்ட மதிப்பெண்களும், பதினான்கு நாள் முன்பின்னாக அவற்றை இட்ட தேதிகளும் தெரிந்தால் போதும். எட்டில் இரண்டு தவறானாலும் 99 சதவீதப் பதிவுகளைத் தனித்துப் பிரித்துவிடலாம். அதிகம் காட்டிக்கொடுத்தவை எல்லாரும் பார்த்த படங்கள் அல்ல, சிலரே பார்த்தவை. நிரலுக்கு இடறலாக இருந்த அந்தத் தனித்தன்மையே கைரேகையாகவும் இருந்திருக்கிறது.

வழக்கொன்றும் அரசுத் தரப்பின் கேள்விகளும் எழுந்தபின், திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டியை நெட்ஃபிளிக்ஸ் 2010இல் கைவிட்டது.