ஒன்றரைக்கு அஞ்சுவோரும் ஒன்றரையை ஆராய்ந்தவரும்

சிவகாசியிலே அச்சாகி நாடெங்கும் சுவரேறும் நாட்காட்டியைப் பாருங்கள். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் இராகு காலம்! அதற்கு அஞ்சி மணமகன் வாசற்படியிலே நிற்கிறான். வணிகன் கடை திறக்கத் தயங்குகிறான். கணக்கிலே தேர்ந்த இளைஞனும் அந்த எண்ணைக் கண்டால் நடுங்குகிறான். அதே ஒன்றரையை அஞ்சாமல் ஆராய்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை எந்தத் தாளிலே கண்டீர்கள்?

தி. விஜயராகவன் 1902-இல் தென்னார்க்காடு மாவட்டத்திலே பிறந்தவர். இராமானுசனை உலகுக்கு உணர்த்திய ஹார்டியிடம் 1925 முதல் 1928 வரை ஆக்ஸ்போர்டில் பயின்றார். அலிகார், டாக்கா, வால்டேர் எனப் பணி தொடர்ந்தது. பின்னர், அழகப்பர் சென்னையில் நிறுவிய இராமானுசன் கணித நிலையத்தின் தலைமை. 1955-இல் மறைந்தபோது வயது 52.

ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போங்கள்: 2.25, 3.375, 5.0625, 7.59375. புள்ளிக்குப் பின்னே வரும் எண்களுக்கு ஒழுங்கு உண்டா? அவை சில இடங்களை மட்டுமே நெருங்கி அடங்கிவிடா, எண்ணற்ற இடங்களை நெருங்கும் என 1940-இல் மெய்ப்பித்தார் அவர். எங்கும் சமமாகப் பரவுமா என்பது இன்றும் விடுபடாத புதிர்.

இதற்கு நேர்மாறான எண்களும் உண்டு. 5-இன் வர்க்கமூலத்தோடு 1 கூட்டி 2-ஆல் வகுத்தால் 1.618 எனத் தொடங்கும் எண் கிடைக்கும். அதன் பத்தாம் அடுக்கு ஏறத்தாழ 122.992, முழு எண்ணான 123-ஐ ஒட்டி நிற்கிறது. காரணம், அதே சமன்பாட்டில் பிறந்த உடன்பிறப்பு −0.618. இருவர் அடுக்குகளையும் கூட்டினால் என்றும் முழு எண். தம்பியோ அடுக்குதோறும் தேய்ந்து மறைகிறான். இவ்வாறு உடன்பிறப்புகள் எல்லாம் ஒன்றுக்குள் அடங்கிய எண்களைப் பிரான்சிலே பிசோ 1938-இல் ஆராய்ந்தார். விஜயராகவன் தனியே ஆராய்ந்தார். உலகம் அவற்றைப் பிசோ–விஜயராகவன் எண்கள் என்கிறது. மேலைநாட்டார் சூட்டிய பெயர்; நம் மாணவரோ, பெயரின் எழுத்துக்களை எண்ணி நற்பலன் சொல்வோனுக்குத் தட்சணை கொடுக்கிறார்!

அந்த எண்கள் கோலமும் போடும். ‘அ’ வந்தால் ‘அஆ’, ‘ஆ’ வந்தால் ‘அஇ’, ‘இ’ வந்தால் ‘அ’ என மாற்றி எழுதுங்கள்: அ, அஆ, அஆஅஇ, அஆஅஇஅஆஅ. நீளங்கள் 1, 2, 4, 7, 13. அடுத்தடுத்த நீளங்களின் விகிதம் 1.839-ஐ நாடுகிறது. அதுவும் அக்குடும்பத்து எண்ணே. ஒவ்வோர் எழுத்தையும் வெளியிலே ஒரு திசைக்கு ஓரடியாக வைத்து நடந்தால் படிக்கட்டு ஒன்று எழும். அது செல்லும் திசையிலேயே அதன் புள்ளிகளைத் தளத்தின்மீது வீழ்த்தினால், அவை சிதறி ஓடுவதில்லை. உடன்பிறப்புகள் தேய்வதால் ஓரிடத்தில் அடங்குகின்றன. 1982-இல் பிரெஞ்சு அறிஞர் ரோசி காட்டிய வடிவம் இது. மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் முழுமையின் சிற்றுரு, விளிம்போ எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் நெளிவுக்குள் நெளிவு. அதன் படிகளை அடுக்கினால், இடைவெளியின்றித் தளமெங்கும் ஓடு பாவியதாகிறது!

எழுத்து மாற்று விதியால் கோலம் வரையலாம் என்பதை இங்கேயும் கண்டவர்கள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் அவர் துணைவியார் இராணி சிரோமணியும் 1970-களிலே நம் பெண்கள் வாசலில் இடும் புள்ளிக் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்தனர். அவர்கள் கோலம் வேறு, ரோசியின் கோலம் வேறு, வழிமுறை உறவினது.

இத்தகைய விதி எதை எடுத்தாலும் ஓடுகள் பழுதின்றிப் பொருந்துமா? இரண்டே எழுத்துள்ள விதிகளுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்றும் அதற்கு மேலும் எனில், பொதுவான மெய்ப்பு எவர் கையிலும் இன்னும் இல்லை.