'அஸூர் விண்டோ' இடிந்த பிறகு மால்டாவில் பார்க்க என்ன இருக்கிறது? கடல் செதுக்கிய தீவின் கதை

2017 மார்ச் 8, காலை சுமார் 9.40 மணி. மத்தியதரைக் கடலில் இருக்கும் கோசோ தீவில் புயல் காற்று வீசிக்கொண்டிருந்தது. த்வெய்ரா கடற்கரையில், 28 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்ற ஒரு சுண்ணாம்புப் பாறை வளைவு அப்படியே சரிந்து கடலுக்குள் போனது. மேலே இருந்த பாலம் போன்ற பகுதி மட்டுமல்ல, அதைத் தாங்கிய தூணும் சேர்ந்தே காணாமல் போனது.

அதுதான் 'அஸூர் விண்டோ', அதாவது நீலச் சாளரம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீசனில் டெனேரிஸுக்கும் கால் ட்ரோகோவுக்கும் நடக்கும் கல்யாணக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? பின்னணியில் தெரியுமே, அந்தப் பாறைதான். மால்டா என்றாலே போஸ்டரிலும் போஸ்ட்கார்டிலும் முதலில் வரும் படம் இதுதான். நாட்டின் அடையாளமாக இருந்த ஒன்று ஒரே காலையில் இல்லாமல் போனது எப்படி? அது போன பிறகும் ஏன் இன்னும் கூட்டம் கூட்டமாக அங்கே போகிறார்கள்?

மால்டா எங்கே இருக்கிறது?

இத்தாலியின் சிசிலி தீவுக்குத் தெற்கே. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய மூன்று தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள். மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். 1964-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடு. சாலையில் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

இவர்கள் பேசும் மால்டிய மொழி சுவாரசியமானது. அரபுக் குடும்பத்தில் பிறந்து, இத்தாலியச் சொற்களை வாங்கிக்கொண்டு, லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி. இடப்பெயர்களைக் கவனித்தாலே நிலம் புரிந்துவிடும். 'ஆர்' என்றால் குகை, 'ரம்லா' என்றால் மணல், 'ஜெப்லா' என்றால் கல். பாறையும் குகையும் மணலும்தான் ஊர்ப் பெயர் முழுக்க.

பாறை ஏன் இடிந்தது?

மால்டா முழுக்கவே சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த பவளம், சிப்பி, நுண்ணுயிர்க் கூடுகள் எல்லாம் அடுக்கடுக்காக இறுகிப் பாறையாகி, பிறகு மேலே உயர்ந்து தீவானது. சுண்ணாம்புக்கல்லில் இயல்பாகவே விரிசல்கள் உண்டு. கடலுக்குள் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையை அலை இரண்டு பக்கமும் அடிக்கும்போது அந்த விரிசல்கள்தான் முதலில் வாய் திறக்கும். விரிசல் பொந்தாகும், பொந்து குகையாகும். இரு பக்கக் குகைகளும் நடுவில் சந்தித்தால் வளைவு தயார்.

அதோடு கடல் நிறுத்திக்கொள்ளுமா என்ன? வளைவை உண்டாக்கிய அதே அலைதான் அதைத் தின்றும் தீர்க்கும். பெரும்பாலும் கூரை மட்டும் விழுந்து, தூண் தனியாகக் கடலில் நிற்கும். த்வெய்ராவில் அந்தத் தூணும் மிஞ்சவில்லை.

எச்சரிக்கை இல்லாமல் நடந்ததும் அல்ல. 2012-லேயே வளைவின் ஒரு பெரிய துண்டு உடைந்து விழுந்தது. 2013-ல் வந்த ஆய்வறிக்கையோ, அரிப்பு தொடரும், ஆனாலும் வளைவு இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கலாம் என்றது. நடுவில் வளைவின் மேல் ஏறி நடப்பதும் அங்கிருந்து கடலில் குதிப்பதுமாக வீடியோக்கள் வந்தபடியே இருந்தன. 2016 டிசம்பரில் மேலே ஏறினால் 1,500 யூரோ அபராதம் என்று அறிவித்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் ஏறுவதற்குப் பாறையே இல்லை.

விழுந்த நேரத்தில் மேலே யாரும் இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. ஒரு வெயில்கால மதியத்தில் இது நடந்திருந்தால்?

அப்போதைய பிரதமர் ஜோசப் மஸ்கட், இயற்கை அரிப்பைத் தவிர்க்க முடியாது என்று அறிக்கைகள் சொல்லியிருந்ததைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். பின்னர் ரஷ்யக் கட்டடக் கலைஞர் ஒருவர், அதே இடத்தில் அதே அளவில் கண்ணாடி போல மின்னும் எஃகு வளைவு ஒன்றைக் கட்டலாம் என்று யோசனை கொடுத்தார். நல்லவேளை, அது படத்தோடு நின்றுவிட்டது.

அப்போ த்வெய்ராவில் இனி என்னதான் இருக்கு?

நிறையவே இருக்கிறது. பாறை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 'ப்ளூ ஹோல்' என்ற நீலக் குழி. சுமார் 10 மீட்டர் அகலமுள்ள இயற்கையான கிணறு மாதிரி. உள்ளே இறங்கினால் தண்ணீருக்கு அடியில் ஒரு வளைவு வழியாக வெளிக்கடலுக்குப் போய்விடலாம். ஸ்கூபா டைவிங் செய்பவர்களிடையே இது பிரபலமான பெயர். விழுந்த வளைவின் துண்டுகளும் இப்போது கடலடியில் ஒரு டைவிங் இடமாகிவிட்டன. மேலே நின்று பார்த்ததை இனி கீழே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சற்று உள்ளே தள்ளி 'இன்லேண்ட் சீ', உள்நாட்டுக் கடல். சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆழமில்லாத குளம் போன்ற கடல்நீர். பாறையைக் குடைந்து போகும் சுமார் 80 மீட்டர் இயற்கைச் சுரங்கம்தான் இதை வெளிக்கடலோடு இணைக்கிறது. உள்ளூர் மீனவர்கள் சின்னப் படகில் இந்த இருட்டுக்குள் ஏற்றிச் சென்று மறுபக்கம் திறந்த கடலில் கொண்டு விடுவார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் படகு போகாது; அப்போது கெஞ்சிப் பயனில்லை.

அதே குடாவின் வாசலில் சுமார் 60 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது 'ஃபங்கஸ் ராக்'. இந்தப் பாறையின் கதை செம சுவாரசியம். இதன் உச்சியில் அடர்சிவப்பு நிறத்தில் ஒரு செடி வளர்கிறது. பார்க்க காளான் மாதிரி இருப்பதால் 'மால்டா காளான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது காளானே இல்லை. பச்சையம் இல்லாமல், வேறு செடிகளின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணித் தாவரம். ரத்த நிறத்தில் இருக்கிறதே, அப்படியென்றால் ரத்தப்போக்கை நிறுத்தும் என்று அந்தக் கால ஐரோப்பா நம்பியது.

விளைவு? அப்போது மால்டாவை ஆண்ட புனித ஜான் வீரர் அமைப்பு, இந்தப் பாறைக்கே காவல் போட்டது. 1746-ல் தலைவர் பின்டோ, அனுமதியில்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று ஆணையிட்டார். மீறினால் துடுப்புக் கப்பலில் அடிமை வேலை. யாரும் தொற்றி ஏறிவிடக் கூடாது என்று பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழுவழுப்பாக்கினார்கள். காவலர்கள் மட்டும் கயிற்றில் தொங்கும் கூடையில் போய் வந்தார்கள். இன்று அந்த மருந்தை யாரும் தேடுவதில்லை. ஆனால் தடை மட்டும் நீடிக்கிறது: பாறை இப்போது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சரணாலயம்.

வளைவைத்தான் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு கோசோவின் வடக்குக் கரையில் 'வீத் இல்-மீலாஹ்' என்ற இன்னொரு பாறைச் சாளரம் இருக்கிறது. ஓரமாக நின்று படம் எடுங்கள், மேலே ஏற வேண்டாம். ஏன் என்று மேலே படித்தீர்கள்.

கடல் ஏன் இவ்வளவு நீலம்?

போட்டோவில் ஃபில்டர் போட்டது மாதிரி தெரியும். காரணம் எளிது: மால்டாவில் ஆறுகளே கிடையாது. ஆறு இல்லாததால் கடலில் வண்டல் வந்து கலப்பதில்லை. மத்தியதரைக் கடலில் ஊட்டச்சத்தும் குறைவு, அதனால் தண்ணீரைக் கலங்கலாக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கமும் குறைவு. அடியில் வெள்ளை மணலோ வெளிர்நிறப் பாறையோ இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி நீலம் கண்ணைப் பறிக்கும். மால்டா தீவின் தென்கரையில் உள்ள 'ப்ளூ க்ரோட்டோ' குகைகளுக்கு முற்பகலில் போகச் சொல்வதும் இதனால்தான். வெயில் உள்ளே சாய்ந்து விழும் நேரம் அது.

இந்த நீலமே வினையானது எங்கே?

கொமினோவில். வெறும் 3.5 சதுர கிலோமீட்டர் தீவு. அதற்கும் பக்கத்துக் குட்டித் தீவுக்கும் நடுவில் இருக்கும் ஆழமில்லாத 'ப்ளூ லகூன்' இன்ஸ்டாகிராமில் ஹிட்டானது. அவ்வளவுதான். கோடைக்காலத்தில் நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் படகில் வந்து குவிந்தார்கள். குப்பை, மிதிபடும் செடிகள், கரையை அடைத்துக்கொண்ட வாடகைச் சாய்வு நாற்காலிகள். 2022-ல் உள்ளூர் ஆர்வலர்கள் அந்த நாற்காலிகளை அப்புறப்படுத்திப் போராட்டமே நடத்தினார்கள். கரை பொதுச்சொத்து, எங்கள் துண்டை விரிக்க இடமில்லையா என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

2025 முதல் கரையில் இறங்க ஆன்லைனில் இலவசமாக முன்பதிவு செய்ய வேண்டும்; ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. பதிவு செய்தவர்களுக்குக் கையில் பட்டை கட்டி விடுவார்கள். அத்தனை சிறிய கரைக்கு 4,000 என்பதே அதிகம்தான். ஆனாலும் முன்பிருந்த நிலைக்கு இது பரவாயில்லை.

போக நினைப்பவர்களுக்கு

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. மால்டா தீவின் சிர்கெவ்வா துறையிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்குப் பெரிய படகில் சுமார் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் காசு, பதற வேண்டாம். கடற்கரையில் ஊதா நிறக் கொடி பறந்தால் ஜெல்லி மீன் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று கிளம்பினால் த்வெய்ரா பாறைகளின் விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள். அலை எவ்வளவு தூரம் ஏறும் என்று உள்ளூர் மீனவர்களுக்குத்தான் தெரியும், அவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.