ஒலிப்புப் பிழையும் உள்ளத்துப் பிழையும்

பங்கின் ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்றைத் தெரிவு செய்ய எங்கள் இளைஞர்கள் ஒரு மாலை கூடியிருந்தனர். சேத்தியாத்தோப்பிலிருந்து நாள்தோறும் நெய்வேலிச் சுரங்கத்திற்கு ஒப்பந்த வேலைக்குச் செல்லும் தம்பி ஒருவர் எழுந்து, "சாமி, இலண்டனில் பல ஆண்டுகளாக நடக்கும் 'லெஸ் மிசரபிள்ஸ்' கதையை நாமும் நடிக்கலாமே" என்றார். குருமடத்தில் கற்ற சொற்பப் பிரெஞ்சு என் நாவில் துள்ளியது. "அது லெஸ்ஸும் அல்ல, பிள்ஸும் அல்ல, 'லே மிசெராப்ல்' என்று சொல்ல வேண்டும்" என்றேன். அனைவரும் சிரித்தனர்; நானும் சிரித்தேன். அந்தத் தம்பி அமர்ந்தார். கூட்டம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

நான் சொன்ன ஒலிப்பில் தவறில்லை. பிரெஞ்சில் பன்மை காட்டும் சகர மெய் எழுத்தில் நிற்கும், நாவில் ஒலிக்காது. அடுத்து வரும் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும், உறங்கிக் கிடந்த அம்மெய் விழித்தெழுந்து அவ்வுயிரோடு சேர்ந்துகொள்ளும். புணர்ச்சி இலக்கணம் பயின்ற தமிழர்க்கு இது வியப்பன்று. 'மிசெராப்ல்' என்பதன் நடுவிலுள்ள சகரமோ வண்டின் ரீங்காரம் போன்றது. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. ஆதலால் நான் திருத்திச் சொன்னதும் முழுமையான திருத்தமன்று.

விக்டர் யூகோவின் அந்தப் புதினம் 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1980இல் பாரிசு நகரில் அது இசை நாடகமாயிற்று. 1985இல் இலண்டன் மேடையேறி உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயரும் அப்பெயரோடு மல்லாட மனமின்றி 'லே மிஸ்' என்று அதைப் பாதியாக நறுக்கிக்கொண்டனர்.

ஆனால் இலண்டன் மேடைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இக்கதை தமிழகத்தில் வீடுதோறும் அறிமுகமாகிவிட்டது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் இப்புதினத்தைத் தமிழாக்கி, 'ஏழை படும் பாடு' எனப் பெயரிட்டார். அப்பெயரிலேயே 1950இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தார் கே. ராம்நாத் இயக்கத்தில் திரைப்படம் எடுத்தனர். ழான் வல்ழான் அங்கே கந்தன் ஆனான்; சித்தூர் வி. நாகையா அப்பாத்திரத்தை ஏற்றார். அவனை விடாது துரத்தும் காவல் அதிகாரியின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் 'ழாவேர்' என ஒலிப்பர். தமிழ்ப் படத்தில் அது 'ஜாவர்' ஆயிற்று. அவ்வேடம் புனைந்த சீதாராமன் வாழ்நாள் முழுதும் 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார். இலக்கணப்படி பிழையான ஓர் ஒலிப்பு, ஒரு கலைஞரின் முகவரியாகவே நிலைத்துவிட்டது!

தலைப்பின் ஒலியைக் காட்டிலும் அதன் பொருள் ஆழமானது. 'மிசெராப்ல்' என்னும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில் நம் முன்னோர் பாடிய 'மிசெரேரே நோபிஸ்', அதாவது 'எங்கள்மேல் இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டும் அதே வேரில் கிளைத்ததுதான். எனினும் பிரெஞ்சில் அச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. இரக்கத்திற்குரியவன் என்பது ஒன்று. இழிந்தவன் என்பது மற்றொன்று. துயருற்றவரையும் இழிவுற்றவரையும் உலகம் ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறது என்பதை யூகோவே தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்விரு முகமும் தமிழுக்குப் புதியவை அல்ல. 'அந்தப் பாவி' என்று ஒருவனைச் சபிக்கிறோம். 'ஐயோ, பாவம்' என்று மற்றொருவனுக்காக உருகுகிறோம். அடிச்சொல் ஒன்றே. அது தீர்ப்பாவதும் இரக்கமாவதும் சொல்லுபவரின் உள்ளத்தைப் பொறுத்தது.

கதையும் இதைத்தானே சொல்கிறது! ரொட்டி திருடியதற்காகவும், தப்பியோட முயன்றதற்காகவும் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் கிடந்த வல்ழானுக்கு அங்கே பெயரில்லை. 24601 என்னும் எண்தான் இருந்தது. விடுதலை பெற்ற பின்னும் விடுதிகளும் வீடுகளும் அவனுக்குக் கதவடைக்கின்றன. இறுதியில் தீஞ் நகர ஆயர் அவனைத் தம் மேசையில் அமர்த்தி, 'ஐயா' என்னும் பொருள்படும் 'மெசியே' என்ற சொல்லால் விளிக்கிறார். அச்சொல்லைக் கேட்குந்தோறும் அவன் முகம் மலர்கிறது. அவன் திருடிச் சென்ற வெள்ளிப் பாத்திரங்களை ஆயர் அவனுக்கே விட்டுக்கொடுத்தது மறுநாள் நிகழ்ந்தது. அவனை மனிதனாக்கும் வேலையோ முந்தின இரவே அந்த ஒரு விளியில் தொடங்கிவிட்டது.

அந்தச் சொல்லையும் தமிழர் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவையில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் பிரெஞ்சு அதிகாரிகளை 'முசியே' என்று எழுதினார். ஒலி சற்றே விலகிற்று, மதிப்பு விலகவில்லை. கல்வியால் வாய்க்கும் ஒலிப்புச் செம்மையைவிட, பிறரை மதித்து அழைக்கும் உள்ளச் செம்மை அரிது. அன்று மாலை நான் முன்னதைக் காட்டினேன், பின்னதை மறந்தேன்.

நம் ஊர்ப் பெயரையே எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலை வழியே வரும் வெளியூரார் 'சேதியாதோப்' என்று அதைக் குறைத்து விசாரிக்கின்றனர். நாம் எவரும் சிரிப்பதில்லை. விரலை நீட்டி வழி காட்டுகிறோம். வழிப்போக்கருக்கு நாம் காட்டும் அந்த எளிய பொறுமையை, என் பங்கின் பிள்ளைக்குக் காட்ட என்னால் இயலாமற் போயிற்று.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் அத்தம்பியைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்துடன், "பரவாயில்லை சாமி, நான் அந்தப் பெயரைப் புத்தகத்தில் பார்த்ததுதான், யாரும் சொல்லிக் கேட்டதில்லை" என்றார். கேட்டறியாத சொல்லைத் துணிந்து உச்சரித்தவரை அல்லவா நான் நகைத்தேன்!

நாடகம் அரங்கேறியது. 'ஏழை படும் பாடு' என்று தலைப்பை அறிவித்தவர் அவரே. அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.