காவலர் கையில் இருக்கும் துப்பாக்கி: கொல்கத்தா சம்பவங்கள் எழுப்பும் கேள்விகள் என்ன? ஒரு விளக்கம்

கொல்கத்தா: 2022ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளிக்குள் கொல்கத்தா மாநகரில் இரண்டு துப்பாக்கிச்சூடுகள் நிகழ்ந்தன. இரண்டிலும் சுட்டவர் பயங்கரவாதியோ, கள்ளத் துப்பாக்கி வைத்திருந்த குற்றவாளியோ அல்லர். இருவரும் சீருடைப் பணியாளர்கள். பயன்பட்டவை பாதுகாப்புப் பணிக்கென அரசு வழங்கிய துப்பாக்கிகள்.

இத்தகைய ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் துப்பாக்கிக் கட்டுப்பாடு, மனநலம் ஆகிய இரண்டும் விவாதத்துக்கு வருகின்றன. இந்தியச் சட்டம் இவற்றை எவ்வாறு அணுகுகிறது, எங்கே இடைவெளி உள்ளது என்பதைப் பார்ப்போம்.

கொல்கத்தாவில் நடந்தது என்ன?

2022 ஜூன் 10 அன்று பார்க் சர்க்கஸ் பகுதியில் உள்ள வங்கதேசத் துணைத் தூதரகம் அருகே பாதுகாப்புப் பணியில் இருந்த கொல்கத்தா ஆயுதப் படைக் காவலர் ஒருவர், பட்டப்பகலில் சாலையில் சென்றவர்களை நோக்கிச் சுட்டார். இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அந்தக் காவலரும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் விடுப்பு முடிந்து அண்மையில்தான் பணிக்குத் திரும்பியிருந்தார் என அப்போது செய்திகள் வெளியாயின.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 மாலை, 1814இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் குடியிருப்பில், தலைமைக் காவலர் ஒருவர் ஏகே-47 துப்பாக்கியால் சுட்டதில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கொல்லப்பட்டார். மற்றோர் அதிகாரி காயமடைந்தார். காவல் துறையினர் நீண்ட நேரம் பேச்சு நடத்திய பிறகே சுட்டவர் சரணடைந்தார்.

கொல்கத்தாவுக்கு மட்டும் உரியதா?

அல்ல. 2014 அக்டோபர் 8 அன்று தமிழகத்தின் கல்பாக்கத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் சுட்டதில் சக வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். 2019 டிசம்பர் 4 அன்று சத்தீஸ்கர் மாநிலம் நாராயண்பூர் மாவட்டத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை முகாமில் சுட்டவர் உட்பட 6 பேர் இறந்தனர். 2021 நவம்பர் 8 அன்று அதே மாநிலத்தின் சுக்மா மாவட்டத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்கள் நால்வர் சக வீரரால் கொல்லப்பட்டனர். 2022 மார்ச் 6 அன்று பஞ்சாபின் அமிர்தசரஸ் அருகே காசா எல்லைப் பாதுகாப்புப் படை முகாமில் சுட்டவர் உட்பட 5 பேர் உயிரிழந்தனர்.

ஒரே நிகழ்வில் நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்படுவதைக் கூட்டக்கொலை எனக் கொள்வது அமெரிக்க ஆய்வுகளில் வழக்கம். அந்த அளவுகோலின்படி கொல்கத்தாவின் இரு நிகழ்வுகளும் அப்பட்டியலில் சேரா. ஆயினும் அரசு ஆயுதம், திடீர் வெடிப்பு, அருகில் இருந்தவர்களே இலக்கு ஆகிய மூன்று கூறுகளும் பெரிய நிகழ்வுகளோடு ஒத்துப்போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று. அரசு வழங்கும் அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. மனநிலை சரியில்லாதவர் எனக் கருதக் காரணம் இருந்தால் உரிமம் மறுக்க வேண்டும் என்கிறது அதன் 14ஆவது பிரிவு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் மேலும் ஒரு படி சென்று, விண்ணப்பதாரரின் மனநலத்தையும் உடல்நலத்தையும் சான்றளிக்கும் மருத்துவரின் சான்றிதழைக் கட்டாயமாக்கின. அவர் போதைப் பொருளுக்கு அடிமையாகாதவர் என்பதும் அதில் குறிப்பிடப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

உள்துறை அமைச்சகத் தரவுகளின்படி 2016ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. ஏகே-47 போன்ற தானியங்கித் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. சாதாரணக் குடிமக்களுக்கு அவற்றுக்கான உரிமம் கிடைப்பதில்லை.

ஆனால், பணி நிமித்தம் ஆயுதம் ஏந்தும் அரசு ஊழியர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. இது இன்றியமையாத விலக்கு. இது இல்லாமல் காவல் பணி நடைபெறாது. இதன் விளைவாக, குடிமகனின் கையில் துப்பாக்கி சேருமுன் சட்டம் நடத்தும் மனநலச் சோதனை, காவலர் விஷயத்தில் முழுக்க அவரது துறையின் பொறுப்பாகிவிடுகிறது. நாட்டின் கடுமையான உரிமச் சட்டம் எட்டாத இடம் இதுவே.

மனநோய்தான் காரணமா?

துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தவுடன் சுட்டவரை மனநிலை பாதிக்கப்பட்டவர் எனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அமெரிக்காவில் நிகழும் வன்முறையில் சுமார் 4 சதவீதம் மட்டுமே மனநோயால் விளைவது என அங்குள்ள ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். எனவே மனநோயை மட்டும் காரணமாக்குவது விளக்கமாகாது. பாதிக்கப்பட்டோர் மீதான களங்கத்தையே அது கூட்டும்.

வேறு காரணங்களை அது மறைத்துவிடும் அபாயமும் உண்டு. 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்-மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும் முஸ்லிம் பயணிகள் மூவரையும் சுட்டுக் கொன்றதாக வழக்குத் தொடரப்பட்டது. அவரது மனநிலை குறித்த பேச்சே தொடக்கத்தில் எழுந்தது. பின்னர் மதப் பிரிவுகளிடையே பகையை வளர்த்ததாகவும் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

மனக்குறை, ஓய்வின்மை, வெறுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் குண்டு நிரப்பிய ஆயுதம் எனப் பல காரணிகள் ஒன்றுசேரும் இடத்திலேயே இத்தகைய வன்முறை பிறக்கிறது. சக வீரர்களைச் சுடும் நிகழ்வுகள் பலவற்றில், இறுதியில் சுட்டவரும் இறந்துபோவதைக் காண முடிகிறது.

படைகளில் நிலவும் அழுத்தம்

மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளிலும் ஐந்து ஆண்டுகளில் 730 பேர் தற்கொலையால் இறந்தனர் என 2024 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. இதே காலத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் பணியிலிருந்து விலகினர் அல்லது விருப்ப ஓய்வு பெற்றனர். தற்கொலைகளை ஆராய அமைக்கப்பட்ட பணிக்குழு, அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வீரர்கள் விடுப்பு முடிந்து திரும்பிய காலத்தில் நிகழ்ந்ததாகக் கண்டறிந்தது.

இத்தகவல் முக்கியமானது. ஊரில் நிலத் தகராறு, கடன், மணவாழ்வுச் சிக்கல், பெற்றோரின் நோய் ஆகியவற்றைத் தீர்க்காமல் விட்டு வரும் ஒருவர், முகாமுக்குத் திரும்பிய சில நாள்களில் மீண்டும் துப்பாக்கி ஏந்துகிறார். வீரர்கள் ஆண்டுக்கு 100 நாள்களைக் குடும்பத்துடன் கழிக்க வகை செய்யும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்துள்ளது. விடுப்பு, இடமாற்றம், குறைதீர்ப்பு ஆகியவற்றில் வெளிப்படைத்தன்மை, பணி நேரத்துக்கு இடையே போதிய ஓய்வு ஆகியனவும் அரசு பட்டியலிடும் நடவடிக்கைகளில் அடங்கும்.

உதவி கேட்பதில் உள்ள தடை

மத்திய படைகளில் வீரர்களின் மருத்துவத் தகுதி 'ஷேப்' என்னும் ஐந்து கூறு அளவீட்டால் கணிக்கப்படுகிறது. அதன் முதல் எழுத்து குறிப்பது உளவியல் நிலை. பதவி உயர்வுக்கு 'ஷேப்-1' என்னும் உயர்ந்த தகுதி தேவை. தூக்கமின்மையையோ மனச்சோர்வையோ மருத்துவரிடம் சொன்னால் தகுதி குறையும், பதவி உயர்வு தடைப்படும் என்ற அச்சம் இங்கே எழுகிறது. ஆபத்தை முன்கூட்டியே கண்டறிய வேண்டிய ஏற்பாடே, ஆபத்தில் இருப்பவரை மௌனமாக இருக்கத் தூண்டுகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முன்பு சிகிச்சை பெற்றிருப்பதை மட்டுமே வைத்து ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்கிறது. சிகிச்சை விவரங்களின் இரகசியத்தையும் உரிமையாக்குகிறது. அதன் நோக்கம் முகாம்களிலும் நிறைவேற வேண்டுமானால், இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நெருக்கடியில் உள்ளவரிடமிருந்து துப்பாக்கியைச் சில வாரங்கள் விலக்கி வைப்பது பாதுகாப்பு நடவடிக்கை. அதைக் காரணம் காட்டி அவரது பணிவாழ்வைப் பாதிப்பது தண்டனை. முதலாவது இரண்டாவதாக மாறாது என்ற உறுதி இருந்தால்தான் உதவி கேட்க எவரும் முன்வருவர்.

இதில் கொல்கத்தாவுக்கு முன்னோடி வரலாறு உண்டு. மனநலச் சிகிச்சை காப்பகங்களுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், 1933இல் இந்நகரின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். இன்றைய ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியே அது. மற்ற நோய்களுக்கு வருவதுபோல மனநலத்துக்கும் வரலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

வெளிநாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை விதிக்கப்பட்டுச் சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள் அரசால் திரும்ப வாங்கப்பட்டன. மனநோய் விகிதத்தை மாற்றாமலே, ஆயுதம் கிடைப்பதைக் கடினமாக்கி ஆபத்தைக் குறைக்கலாம் என்பதற்கு அந்நாடு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. குடிமக்களைப் பொறுத்தவரை இந்தியா அந்தக் கதவை ஏற்கெனவே பெருமளவு மூடிவிட்டது. எஞ்சியிருப்பது முகாமின் ஆயுதக் கிடங்குக் கதவு. அதன் திறவுகோல் ஆயுதச் சட்டத்தில் இல்லை. விடுப்புப் பதிவேட்டிலும் மருத்துவரின் அறையிலும் இருக்கிறது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ உள்ளவர்கள், மத்திய அரசின் டெலி-மனாஸ் இலவச உதவி எண் 14416ஐ 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம்.)