விசைகளின் இடுக்கில் சேர்ந்த தூசி

கல்கத்தாவின் சௌரங்கி வீதி தெற்கே நீண்டு ஆசுதோஷ் முகர்ஜி சாலையாகப் பெயர் மாறும் இடத்தில் தொடங்குகிற பவானிபூர், ஆதியிலிருந்தே எழுத்து வேலையை நம்பிப் பிழைத்தவர்களின் வாசஸ்தலம். ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான சம்புநாத் பண்டிதர் இங்கேதான் குடியிருந்தார். பகலில் இராணுவத் தணிக்கை ஆபீஸில் குமாஸ்தாவாகவும் இரவில் ‘ஹிந்து பேட்ரியட்’ பத்திரிகையின் ஆசிரியராகவும் உழைத்து, அவுரித் தோட்டத் துரைமார்களின் கொடுமையை உலகறியச் செய்து, 1861-இல் நாற்பது வயது நிறையுமுன்னே மாண்ட ஹரீஷ் சந்திர முகர்ஜியும் இவ்வூர்க்காரரே. அவர் கையாண்ட கருவி பேனாவும் மைக்கூடும் மட்டுமே. அதைச் சுத்தம் செய்வதற்கு ஒரு கந்தைத் துணி போதுமாயிருந்தது; ஆகவே அதற்கென்று ஒரு சாஸ்திரம் பிறக்கவில்லை.

சாஸ்திரம் பிறந்தது தட்டெழுத்து யந்திரத்தோடு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஷோல்ஸ் 1868-இல் காப்புரிமை பெற்று, துப்பாக்கியும் தையல் யந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் கம்பெனி 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த யந்திரம், நூற்றாண்டு திரும்பியபின் கிளைவ் வீதியின் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் இன்றியமையாத பொருளாயிற்று. 1911-இல் தலைநகரம் டில்லிக்கு மாற்றப்பட்ட பின்பும் கம்பெனிகள் கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும், இரண்டு வேஷ்டியும் ஒரு சிபாரிசுக் கடிதமுமாக ஹௌராவில் வந்து இறங்கினார்கள். பவானிபூரிலும் அதற்குத் தெற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் அவர்கள் குடியேறியதன் பலனாகத்தான் அங்கே காப்பிப்பொடியும் வாழையிலையும் இன்றுவரை கிடைக்கின்றன. வங்காளி பாபுக்கள் இவர்களுடைய வேகத்தைக் கண்டு வியந்தார்கள், சற்றே பொறாமையும் கொண்டார்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் விஷயம். அதில் பாதி நம்மவர்களின் தற்பெருமையாகவும் இருக்கலாம்.

அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு காலைக் கடமை இருந்தது. மேலுறையை எடுத்து உதறி, யந்திரத்தைப் பழந்துணியால் துடைத்து, எழுத்துகளின் முகத்தைக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பிரஷ்ஷைப் பக்கவாட்டில் தேய்க்கலாகாது, தன்னை நோக்கியே இழுக்க வேண்டும் என்பது பயிற்சிப் பள்ளியில் முதலில் கற்பிக்கப்பட்ட விதிகளில் ஒன்று. பக்கவாட்டில் தேய்த்தால் அழுக்கு, எழுத்துகளைத் தாங்கும் டைப் பார் கம்பிகளின் அடியில் உள்ள செக்மெண்டின் பிளவுகளுக்குள் இறங்கிவிடும், அங்கே இறங்கியதை வெளியே எடுப்பதற்கு மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் வயிறு மூடியவை சில உண்டு. ‘ஏ’, ‘ஈ’, ‘ஓ’ என்னும் அந்தச் சின்ன எழுத்துகளின் வளையத்துக்குள் ரிப்பன் மையும் நூலிழையும் சேர்ந்து கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். அதைக் குண்டூசி முனையால் நெம்பி எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒற்றுவார்கள். எல்லாவற்றிலும் கொடிய பகை அழிரப்பரின் துகள். பிழையை அழிக்குமுன் காகிதத்தைத் தாங்கி நகரும் கேரியேஜை ஒரு கோடிக்குத் தள்ளிவிட்டு அழித்தால் துகள் மேஜைமீது விழும். சோம்பலால் நடுவிலேயே வைத்து அழித்தால் யந்திரத்தின் வயிற்றில் விழும். எண்ணெயையும் ஒரு துளிக்கு மேல் விடமாட்டார்கள், ஏனெனில் எண்ணெயும் தூசியும் கலந்தால் பசையாகும், கல்கத்தாவின் மழைக்காலத்து ஈரமும் அதோடு சேர்ந்தால் டைப் பார் எழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இவ்வளவு சிரத்தையும் குமாஸ்தாவின் ஆசாரத்தினால் வந்ததென்று நான் கருதவில்லை, பயத்தினால் வந்தது. தட்டெழுத்து யந்திரம் தன் அழுக்கைத் தானே காட்டிக்கொடுக்கும். வளையம் அடைத்த எழுத்து கடிதத்தில் கரும்புள்ளியாக விழும்; அந்தக் கடிதம் துரையின் கையெழுத்துக்குப் போகும்; அவருடைய பார்வை அந்தப் புள்ளியில் நிற்கும். சுத்தமின்மைக்கு இவ்வளவு உடனடியான சாட்சி வேறு எந்தக் கருவியிலும் கிடையாது.

வருஷத்துக்கு ஒருமுறை பயம் போய் பக்தி வரும். வங்காளத்தில் பாத்ர மாதக் கடைசியில், பெரும்பாலும் செப்டம்பர் 17-ஆம் தேதி, விசுவகர்ம பூஜை. பட்டறைகளில் யந்திரங்களைக் கழுவித் துடைத்துப் பூஜிப்பார்கள், மொட்டைமாடிகளிலிருந்து பட்டங்கள் பறக்கும். தமிழர்களுக்கோ நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அடுத்தடுத்து வரும் இந்த இரண்டு பண்டிகைகளுக்கும் நடுவே பவானிபூரில் ஒரு கருவி அழுக்காயிருப்பது அபூர்வம். ஆனால் பூஜையில் தெளித்த சந்தனம் விசைகளுக்கிடையே காய்ந்து பொடியாக உதிர்ந்து, மறுநாள் அதுவே புதுத் தூசியாகும் வேடிக்கையும் உண்டு.

1972 டிசம்பரில் பாதாள ரயிலுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, பிறகு சாலையையே திறந்து பள்ளம் வெட்டி, சுரங்கம் கட்டி, மேலே மண்ணால் மூடும் முறையில் வேலை நடந்தபோது, சௌரங்கியிலிருந்து பவானிபூர்வரை சாலையோரத்து வீடுகளும் கடைகளும் பல வருஷங்கள் புழுதியில் வாழ்ந்தன. 1984 அக்டோபர் 24-ஆம் தேதி, இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர்வரை 3.4 கிலோமீட்டர் ஓடியது. பவானிபூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். பள்ளம் மூடப்பட்ட அந்தக் காலத்திலும் இவ்வட்டாரத்தில் விசை என்றால் தட்டெழுத்து விசைதான். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1955-இலேயே கல்கத்தாவின் வட எல்லையான பராநகரில், புள்ளியியல் கழகத்துக்கு வந்துவிட்டது என்பது உண்மை. ஆயினும் 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் இங்கே கம்ப்யூட்டரை நிறுவ முற்பட்டபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய ஊழியர்கள் தீவிரமாக எதிர்த்தார்கள். ஆகவே தட்டெழுத்தின் ஆயுள் கல்கத்தாவில் சற்று நீண்டது. 1955 முதல் இந்த யந்திரத்தைச் செய்துவந்த கோத்ரெஜ் கம்பெனி 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது.

பின்னர் வந்த கம்ப்யூட்டர் விசைப்பலகை தன் அழுக்கைக் காட்டிக்கொடுப்பதில்லை. விசைக்கடியில் ரப்பர்க் குமிழும் அதற்கடியில் மின்கோடுகள் பதித்த பிளாஸ்டிக் தாள்களும் இருக்க, மேலே சிந்திய முறுக்குத் தூளும், ஜால் முடி என்னும் காரப்பொரியும், 1885 முதல் பவானிபூரில் பேர்போன பலராம் மல்லிக் கடைச் சந்தேஷ் இனிப்பின் துகளும் எவ்வளவு சேர்ந்தாலும் திரையில் எழுத்து பளிச்சென்றே விழுகிறது. பயம் போனதும் சிரத்தையும் போயிற்று. விசை நின்றால் சாந்தினி மார்க்கெட்டில் சில நூறு ரூபாய்க்குப் புதிது கிடைக்கிறது, மெக்கானிக்கைத் தேடுவாரில்லை. மெல்லியதாகச் செய்யும் மோகத்தில் ஆப்பிள் கம்பெனி 2015-இல் வெளியிட்ட மடிக்கணினி விசைப்பலகை ஒரு தூசித் துணுக்கு புகுந்தாலே சிக்கிக்கொண்டது. கணினியை 75 பாகைச் சாய்த்துப் பிடித்து அழுத்தக்காற்றை ஊதுங்கள் என்று அக்கம்பெனியே உபதேசம் செய்து, 2018-இல் இலவசமாகப் பழுதுபார்க்கவும் முன்வந்து, கடைசியில் அந்த அமைப்பையே கைவிட்டது. ரப்பர் துகளுக்கு அஞ்சி கேரியேஜை ஒதுக்கித் தள்ளிய பழைய குமாஸ்தாவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிராது.

இப்போதும் விசுவகர்ம பூஜையன்றும் ஆயுத பூஜையன்றும் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோம். அன்பர்களே, பொட்டிடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, விசைப்பலகையின் கம்பியைக் கழற்றி, அதைக் கவிழ்த்து ஒரு பழைய செய்தித்தாளின்மீது நாலு தட்டுத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் இடுக்குகளைத் துடைத்துவிடுங்கள். தீர்த்தத்தை மட்டும் அதன்மேல் தெளிக்க வேண்டாம்.