இளையோர் தடுப்பு நிலைய உணவு (இலங்கை)

நீதிமன்ற உத்தரவின் பேரில் தடுத்துவைக்கப்படும் சிறுவருக்கும் இளைஞருக்கும் அரசு வழங்கவேண்டிய அன்றாடச் சாப்பாடு. எடுத்துக்காட்டாக, மலையகத்து டிக்கோயாவின் தேயிலைத் தோட்டப் பிள்ளை ஒன்றின் வழக்கு ஹட்டன் நீதவான் முன் வருகிறது. தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாகவும் அமர்கிறார். அதன்பின் அந்தப் பிள்ளை யார் கையால் சோறு வாங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் வயது.

வயது வகைப்பாடு

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் குற்றப்பொறுப்பு இல்லையென்றது. அந்த எல்லை 12 ஆக உயர 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. 1886இன் இளங்குற்றவாளிகள் கட்டளைச் சட்டம் பிள்ளைகளை வளர்ந்த கைதிகளிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்ப வழிசெய்தது. மக்கொனையில் கத்தோலிக்க மிஷன் நடத்திய புனித வின்சென்ட் பள்ளி இவ்வகையில் முன்னோடி.

1939இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் (48ஆம் இலக்கம்) 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வயதுக்குட்பட்டவரை இளம் ஆள் என்றும் பிரித்துத் தடுப்பு இல்லம், சான்று பெற்ற பாடசாலை ஆகியவற்றை வகுத்தது. மற்றதான 28ஆம் இலக்கச் சட்டம் 16 முதல் 22 வயது வரையானவர்களுக்குப் பயிற்சிப் பாடசாலைகளை ஏற்படுத்தியது. முன்னவை நன்னடத்தைத் திணைக்களத்தின் அடுப்படி. பின்னவை சிறைச்சாலைத் திணைக்களத்தினுடையவை. 2022 திருத்தம் இளம் ஆளின் வயதெல்லையை 18க்கு உயர்த்தும்வரை, 16 வயதுப் பையன் சட்டத்தின் கண்ணில் வளர்ந்தவன். விளக்கமறியல் சிறையில் பெரியவர்களின் சாப்பாடே அவனுக்கும்.

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையும், பாதுகாப்புத் தேவைப்பட்டு வந்த பிள்ளையும் ஒரே தடுப்பு இல்லத்தில் ஒரே வரிசையில் தட்டு நீட்டுவதும் இந்த 1939 ஏற்பாட்டின் விளைவே. இது தவறான ஏற்பாடு.

அளவும் தரமும்

தடுத்துவைக்கப்பட்ட இளையோருக்காக ஐ.நா. பொதுச்சபை 1990இல் ஏற்ற ஹவானா விதிகளின் 37ஆம் விதி, வழமையான சாப்பாட்டு நேரத்தில், நன்கு சமைத்த, மத, பண்பாட்டு வழக்கங்களுக்கு இயன்றவரை ஒத்த உணவையும், எந்நேரமும் சுத்தமான குடிநீரையும் கேட்கிறது. உணவைக் குறைத்துத் தண்டிப்பதை 67ஆம் விதி தடைசெய்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சிறார் நீதி மாதிரி விதிகள் கிராம் கணக்கிலேயே பேசுகின்றன: நாளொன்றுக்குத் தானியம் 600 கிராம், 16 முதல் 18 வயதினருக்கு 700, பருப்பு 120 கிராம், காலையில் பால் 150 மில்லிலீற்றர். எழுதிவைத்த அளவு இருந்தால்தான் குறைந்ததைப் பிள்ளை கேட்க முடியும்.

தோட்டப் பிள்ளைகள்

லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப்) பிள்ளையின் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டி, சம்பல், சுடச்சுடத் தேத்தண்ணி. மாட்டிறைச்சி சேர்க்காத குடும்பங்களே அதிகம். சிங்களம் மட்டும் புழங்கும் நிலையத்தில், “எனக்கு இது வேண்டாம்” என்று சொல்லவும் சொல் கிடைக்காது. பட்டினி கிடப்பதே பதிலாகிவிடும். தீர்ப்புக்கு முந்திய விளக்கமறியல் கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், கொழுந்து பறிக்கும் தாய் சாப்பாடு கட்டிக்கொண்டு தூர நிலையத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும்.

தற்கால நிலை

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்பின் நன்னடத்தைப் பணிகள் மாகாணசபைகளின் கையில் உள்ளன. விலை ஏறினால் அதே பணத்தில் தட்டுக்கு வருவது குறையும்: 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது.